உஷ்ணமானிக்கே உஷ்ணம் ஏறினால்...?

போன வருஷம் கத்தரி வெயில் கொளுத்திக் கொண்டிருந்த சமயம். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம். தலைப் பிரசவத்துக்கு விழுப்புரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இது இரண்டாவது, அவளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவும் அங்கேதான். அதனால் புகுந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான்தான் இங்கும் அங்குமாக பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தேன். முக்கால் மணி, ஒரு மணி நேரப் பயணம்தானே!

பேரன் பிறந்தான். நாள் கணக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டான். எடை 2 கிலோ 300 கிராம்தான். வேறு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். "எடை குறைஞ்ச குழந்தை. தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்கத் தெரியாது. வெயிலுக்கு பயந்து ஏ.ஸி. போட்டா போடுங்க. ஆனா ரூம் 26 டிகிரிக்குக் கீழே போகாம பாத்துக்குங்க."

என் பெண் இந்த மாதிரி விஷயங்களில் ரொம்பக் கறார். மாப்பிள்ளையிடம் சொல்லி அன்றைக்கே ஒரு பெட்டி வாங்கி வரச் செய்துவிட்டாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு மின்னணுக் கடிகாரம். மணி, தேதி, அறையின் உஷ்ணம் எல்லாம் பெரிய பெரிய வெளிச்ச எழுத்தில் இரவு பகலாக எரிந்துகொண்டே இருக்கும். சுவரில் செருகி விட்டால் போதும். அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தாள். பெட்டியில் 26 வரும்வரை ஏ.ஸி.யைக் கூட்டுவாள், குறைப்பாள்.

நான் ஒரு வாரம் இருந்துவிட்டு, சர்க்கரை வியாதிக்கார மனிதரை எத்தனை நாள்தான் தனியாக விடுவது என்று விழுப்புரம் திரும்பினேன். மூன்றாம் நாள் மறுபடி போனேன். சம்பந்தியம்மா வாசலிலேயே சந்தோஷமாகச் சொன்னார். "உங்க பேரன் ரொம்ப சமத்துங்க. அழறதே இல்லை. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு நாள் குழந்தை பாலுக்கு அழவில்லை என்றால் அது சமத்து இல்லையே! உள்ளே போய்க் காலைத் தொட்டுப் பார்த்தேன். துணி துவைக்கிற கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. வயிற்றைத் தொட்டேன். அதிலும் சூடு போதவில்லை.

"ஏம்மா, ரூம் இப்படிக் குளுருதே?"

"இல்லம்மா, 26தான் இருக்கு. பாரு!" என்று பெட்டியைக் காட்டினாள். 26.3 என்று பளிச்சென்று காட்டியது.

"ஏ.ஸி. ரிமோட்டில 22ன்னு போட்டிருக்கே?"

"அது மேலே சுவத்துல இருக்கும்மா. குழந்தை இருக்கிற இடத்துல என்னன்னு இதுதானே சொல்லும்?"

பெண் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். டாக்டர் சொன்னது 26, பெட்டி காட்டுவதும் 26. ஆனால் என் கை வேறு சொல்கிறதே!

நல்ல வேளையாக அன்றைக்கு வீடு தேடி வருகிற சுகாதார நர்ஸ் வரவேண்டிய நாள். அவர் வந்து குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். 35.8. பச்சைக் குழந்தைக்கு 36.5 முதல் 37.5 வரை இருக்க வேண்டும். 36.5க்குக் கீழே போனாலே குளிர் தாக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். 36க்குக் கீழே வந்துவிட்டால் உடனே கவனிக்க வேண்டிய நிலை. 32க்குக் கீழே உயிருக்கே ஆபத்து. ஜுரம் என்றால் நாம் பதறுகிறோம். உடம்பு ஜில்லிட்டால் 'தூங்குகிறான்' என்று விட்டுவிடுகிறோம்! குளிர்ந்துபோன குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இருக்காது. குடிக்காததால் சர்க்கரை குறையும். சர்க்கரை குறைந்தால் இன்னும் குளிரும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகிற சங்கிலி அது.

நர்ஸ் அம்மா பதறவில்லை. ஏ.ஸி.யை அணைக்கச் சொன்னார். குழந்தையின் சட்டையைக் கழற்றி, இடுப்புத் துணியும் குல்லாவும் மட்டும் விட்டு, என் பெண்ணின் மார்போடு தோல் மேல் தோல் படும்படி நெஞ்சுக்கு நடுவில் படுக்க வைத்து, மேலே இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்திவிட்டார். கங்காரு முறை என்கிறார்களே, அதுதான். 1978இல் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில், இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய டாக்டர்கள் ஆரம்பித்து வைத்த முறை. அம்மாவின் உடம்பை விட நல்ல இன்குபேட்டர் ஏது? ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 36.4. இன்னும் அரை மணியில் 36.7. பயல் வாயைத் திறந்து ஒரு அழுகை அழுதான் பாருங்கள், தெருவே கேட்டது. சம்பந்தியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். "ஏறாமல் இருந்திருந்தால் உடனே முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லியிருப்பேன்" என்றார் நர்ஸ் அம்மா, கிளம்பும்போது.

மேசை விசிறி சொன்ன சாட்சி

குழந்தை பிழைத்தான், சரி. பெட்டி ஏன் 26 என்றது? இது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

எங்கள் விழுப்புரம் வீட்டு ஹாலில் பழைய காலத்து உஷ்ணமானி ஒன்று தொங்குகிறது. மரப் பலகையில் கண்ணாடிக் குழாய், உள்ளே சிவப்புத் திரவம். மாமனார் காலத்தில் மருந்துக் கம்பெனிக்காரர் யாரோ இனாமாகக் கொடுத்தது. அவருக்கு ஃபோன் போட்டு, அதை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார் பாவம். "பேரனைப் பாக்கக் கூப்பிடறேன்னு நினைச்சேன். உஷ்ணமானிக்குத்தான் என்னைக் கூப்பிட்டியா?" என்று ஒரு முணுமுணுப்பு.

பழசையும் புதுசையும் அதே ஸ்டூலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். முன் போலவே ஏ.ஸி.யைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டோம். குழந்தையும் அம்மாவும் வேறு அறையில்தான்! பழசு 23 காட்டியது. புதுசு 26.

மாப்பிள்ளையின் தம்பி ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்தவர். "அத்தை, ஒரு வேடிக்கை காட்டறேன்" என்று மேசை விசிறியைக் கொண்டு வந்து இரண்டின் மேலும் காற்று படும்படி வைத்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. பழசு அதே 23இல் அசையாமல் நின்றது. பெட்டி 26இலிருந்து மெல்ல மெல்ல இறங்கி 24க்குப் பக்கத்தில் வந்துவிட்டது!

"விசிறி போட்டா குளுருமே, அதான் இறங்கிடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்போ பழசு ஏன் மாமா இறங்கலை?"

நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விசிறி காற்றைக் குளிரப் பண்ணுவதில்லை. இருக்கிற காற்றைத்தான் தள்ளிவிடுகிறது. நமக்கு ஏன் இதமாக இருக்கிறது? நம் உடம்புக்குச் சொந்தச் சூடு இருக்கிறது, வேர்வை இருக்கிறது. உடம்பைச் சுற்றி நின்றுகொண்டிருக்கும் வெதுவெதுப்பான காற்றை விசிறி விரட்டிவிடுகிறது. சொந்தச் சூடு இல்லாத சாமானுக்கு, ஈரம் இல்லாவிட்டால், விசிறி போட்டாலும் ஒன்றுதான் போடாவிட்டாலும் ஒன்றுதான். பூஜை அறைக் குத்துவிளக்கு விசிறியில் குளிருமா? விளக்கு எரியாமல் இருக்கிறவரை குளிராது.

ஆக, விசிறி பட்டதும் பெட்டியின் எண்ணிக்கை இறங்கியது என்றால், அந்தப் பெட்டிக்கு நம்மைப் போலவே சொந்தச் சூடு இருக்கிறது. அறையின் சூட்டோடு தன் சூட்டையும் சேர்த்தே அது சொல்லிக்கொண்டிருந்தது. அறை 23, பெட்டியின் சொந்தக் கணக்கு 3. என் பெண் 26ஐப் பார்த்துவிட்டு, பாவம், குழந்தையைக் குளிரில் போட்டிருக்கிறாள்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

மிளகை விடச் சின்னதாக ஒரு மணி. உலோகத் தாதுக்களைக் கலந்து சுட்டுச் செய்தது, பீங்கான் ஜாதி. தெர்மிஸ்டர் என்று பேர். சூடு ஏற ஏற மின்சாரத்தை இன்னும் தாராளமாகத் தன் வழியே விடும், குளிர்ந்தால் தடுக்கும். இந்தக் குணத்தை வெள்ளி சல்ஃபைடு என்ற பொருளில் 1833இலேயே மைக்கேல் ஃபாரடே கவனித்திருக்கிறார். எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தால், எவ்வளவு சூடு என்று தெரிந்துவிடும்.

ஆனால் அளப்பது எப்படி? அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் விட்டுத்தானே பார்க்க வேண்டும்! தடுப்பு உள்ள எதன் வழியே மின்சாரம் போனாலும் அது சூடாகும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியும் வாட்டர் ஹீட்டரும் அந்த விதியில்தான் ஓடுகின்றன. மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும் என்று 1840களில் ஜூல் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்துச் சொன்னார். ஆகவே 'நீ எவ்வளவு சூடாக இருக்கிறாய்?' என்று அந்த மணியைக் கேட்கிற கேள்வியே அதைக் கொஞ்சம் சூடாக்கிவிடுகிறது. தன்னைத் தானே சூடாக்கிக் கொள்ளுதல் என்று இதைச் சொல்கிறார்கள்.

பாலாடையில் இருக்கும் பாலில் விரலை விட்டுச் சூடு பார்ப்போம் இல்லையா? குண்டான் நிறையப் பால் என்றால் விரலின் சூடு அதை ஒன்றும் செய்யாது. பாலாடையில் இருப்பது ரெண்டு ஸ்பூன்தான்; கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தால் பாலின் சூடு எது, விரலின் சூடு எது என்று தெரியாமல் போகும். அந்த மணியும் மிகச் சின்னது என்பதால்தான் இந்தப் பாடு.

எவ்வளவு ஏறும் என்று கேட்டால், அது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. அசையாத காற்று ஒரு கம்பளி மாதிரி. மணியில் பிறக்கிற சூட்டை வெளியே விடாமல் சுற்றி வைத்துக்கொள்ளும். ஒரு மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்சாரமே, அசையாத காற்றில் சில சின்ன மணிகளை ஒரு டிகிரியை ஒட்டி ஏற்றிவிடும். அதே மணியைத் தண்ணீரில் அமிழ்த்தினால் ஏற்றம் பல மடங்கு குறைந்துவிடும். ஆற்றில் இறங்கி நிற்கிறவனுக்கு ஜுரச் சூடு தெரியுமா?

கெட்டிக்காரத்தனமாகச் செய்த கருவியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரிசோதனைக்கு வாங்குகிற எல்.எம்.35 என்ற மூன்று கால் சில்லு இருக்கிறது. அசையாத காற்றில்கூட அதன் சொந்தச் சூடு 0.08 டிகிரிதான் என்று செய்தவர்களே குறித்திருக்கிறார்கள். மிகக் குறைந்த மின்சாரம் விடுவது, அதையும் விட்டு விட்டு ஒரு கண நேரம் மட்டும் விடுவது, இப்படிச் சமாளிக்கிறார்கள்.

அப்படியானால் எங்கள் பெட்டியில் 3 டிகிரி எப்படி வந்தது? மணியின் சொந்தச் சூடு அதில் கொஞ்சம்தான். மாப்பிள்ளையின் தம்பி திருப்புளியால் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். இரவு பகல் எரிகிற வெளிச்ச எழுத்துக்கள், அதற்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கிற சில்லு, எல்லாம் ஒரே அடுக்கில். அவைகளுக்கு நடுவே, அதே பலகையில், மணியையும் பற்றவைத்திருந்தார்கள்! அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு 'இன்றைக்கு வெயில் ஜாஸ்தி' என்று சொல்கிற கதைதான். பெட்டியின் ஓட்டையும் பேருக்குத்தான். அந்த மணியை இரண்டு அங்குல ஒயரில் வெளியே தொங்கவிட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அதில் என்ன பைசா மிச்சம் பிடித்தார்களோ!

வானிலைக்காரர்கள் இதில் எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள். வெள்ளை அடித்த மரப்பெட்டி, நான்கு பக்கமும் ஜன்னல் சட்டம் மாதிரி சாய்வுப் பலகை, தரையிலிருந்து நாலடிக்குமேல் கால்களில் நிற்கும். வெயில் படக்கூடாது, காற்று மட்டும் தாராளமாகப் போய் வரவேண்டும். அதற்குள்ளேதான் உஷ்ணமானியைத் தொங்கவிடுவார்கள். ஸ்டீவன்ஸன் பெட்டி என்று பேர். நம் வீட்டிலும் அந்த புத்தியோடுதான் இடம் பார்த்து வைக்க வேண்டும். டி.வி. மேல், ஃப்ரிட்ஜ் தலையில், வெயில் அடிக்கிற சுவரில் எல்லாம் மாட்டினால் எந்த உஷ்ணமானியும் உளறத்தான் செய்யும். கைபேசியில் 'அறையின் வெப்பம்' என்று காட்டுகிற செயலிகளையும் நம்பிவிடாதீர்கள். அவற்றில் பல, பாட்டரியின் சூட்டையோ இன்டர்நெட்டில் வரும் ஊர் வெப்பத்தையோ எடுத்துக் காட்டுகிறவைதான்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் இந்தக் குணம் எப்போதும் கெடுதல் என்று எண்ணவேண்டாம். கொசு விரட்டும் திரவப் புட்டியைச் செருகுகிறோமே, அதன் உள்ளே இருப்பது இதே பீங்கான் ஜாதியில் இன்னொரு வகை வில்லை. சூடு ஏறினால் மின்சாரத்தைத் தடுக்கிற வகை. தானே சூடாகி, ஒரு அளவு வந்ததும் தானே அடங்கி நிற்கும். பல வீட்டு ஃப்ரிட்ஜ்களில் கம்ப்ரஸரைக் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் அப்படி ஒரு வில்லைதான். கரண்ட் போய் உடனே வந்தால் ஃப்ரிட்ஜ் 'டிக், டிக்' என்று திணறுவதற்கு, அந்த வில்லை இன்னும் ஆறாமல் இருப்பதும் ஒரு காரணம். ஐந்து நிமிஷம் பொறுத்துப் போடுங்கள் என்பது சும்மா இல்லை.

ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரும் பொய் சொல்லுமா?

இந்தக் கதையைச் சொன்னதும் பக்கத்து வீட்டு மருமகள் இப்படித்தான் பயந்துபோய்க் கேட்டாள். இல்லை, பயப்பட வேண்டாம். ஜுரம் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையிலும் ஒரு தெர்மிஸ்டர்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரு பொட்டு அளவு பாட்டரியில் ஓடுகிறது. விடுகிற மின்சாரம் துளியூண்டு. அதோடு அக்குளிலோ நாக்கடியிலோ சதையோடு ஒட்டி இருப்பதால், பிறக்கிற சூடு உடனே உடம்பில் கரைந்துவிடும். சாதாரணமாக 0.1 டிகிரிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்தான் அதில் வித்தியாசம் வரும். அதில் தப்பு வந்தால் பெரும்பாலும் நம் கைத் தப்புதான்: முனை அக்குள் குழியில் சரியாகப் படாமல் துணியில் பட்டிருக்கும், அல்லது 'பீப்' அடிக்குமுன் எடுத்திருப்போம். நெற்றிக்கு நேரே பிடிக்கிற துப்பாக்கி மாதிரிக் கருவி மட்டும் கொஞ்சம் வேறு. வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்து உடனே பிடித்தால் அது ஏடாகூடமாகச் சொல்லும். அறையில் கொஞ்ச நேரம் ஆறவிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பாதரச தெர்மாமீட்டருக்கே திரும்பிவிடலாமே என்று சில பாட்டிமார்கள் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். சொந்தச் சூடு இல்லாதது என்பது உண்மைதான். உடைந்தால்? கொடைக்கானலில் பாதரச தெர்மாமீட்டர் செய்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டதும், அங்கே வேலை பார்த்தவர்கள் வருஷக்கணக்காக நியாயம் கேட்டு 2016இல் ஒரு உடன்பாடு வந்ததும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பாதரசத்தைக் குறைப்பதற்கென்றே ஏற்பட்ட மினமாட்டா ஒப்பந்தம் 2017இல் அமலுக்கு வந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. அறைக்கு வேண்டுமானால் எங்கள் வீட்டுப் பலகை மாதிரி சிவப்புத் திரவம் போட்டது வாங்கலாம். அது சாராய ஜாதித் திரவம், பாதரசம் இல்லை. விலையும் மலிவு.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது நினைவிருக்கிறதா? எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை. கரண்ட் இல்லாமல், என் வீட்டுக்காரரின் இன்சுலினை மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காப்பாற்றினேன். அது முதல் ஃப்ரிட்ஜில் உஷ்ணம் பார்க்கிற வழக்கம் வந்துவிட்டது. பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. இப்போது யோசித்துப் பாருங்கள்: சொந்தச் சூடு உள்ள ஒரு பெட்டியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால், 5 டிகிரியை 8 என்று சொல்லும். நாம் 'ஐயோ, குளிர் போதவில்லை' என்று குமிழைத் திருகுவோம். இன்சுலின் உறைந்துபோகும். உறைந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். இளக்கி உபயோகிக்கக் கூடாது. தடுப்பூசி மருந்துகளிலும் ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்றவை உறைந்தால் வீரியம் போய்விடும். அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துத் தடுப்பூசிப் பெட்டியில், மின்னணுக் கருவியின் உடம்பை வெளியே வைத்து, ஒயர் நுனியில் உணரும் மணியை மட்டும் உள்ளே விடுகிறார்கள். நம் வீட்டுக்கும் அந்த ஒயர் வகைதான் நல்லது. சும்மா ஒரு பொட்டு பாட்டரியில், விளக்கு இல்லாமல் கறுப்பு எழுத்து காட்டுகிற சின்னப் பெட்டி என்றால் சொந்தச் சூடு பொருட்படுத்தும் அளவு இராது. வை-ஃபை, வெளிச்சம் என்று ஆடம்பரம் ஏற ஏறத்தான் சூடும் ஏறுகிறது.

சோதிப்பது எப்படி என்று கேட்பீர்கள். ஒயர் நுனி உள்ளதாக இருந்தால், எவர்சில்வர் டம்ளரில் ஐஸை நொறுக்கிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, நுனியை நடுவில் விடுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் 0 டிகிரியை ஒட்டி வரவேண்டும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம்! ஐஸ் தண்ணீர் சொந்தச் சூட்டை முழுக்க விழுங்கிவிடும். ஐஸில் நல்ல பிள்ளையாக 0 காட்டிவிட்டு, அசையாத காற்றில் கூடக் காட்டுகிற கருவிகள் உண்டு. காற்றில் அளப்பதைக் காற்றில்தான் சோதிக்க வேண்டும். ஒரு மணி நேரம் அணைத்து வைத்திருந்து, போட்ட முதல் நிமிஷத்தில் என்ன காட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கதவு சாத்திய அறையில் ஒரு மணி கழித்து மறுபடி பாருங்கள். அறை மாறாமல் எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தால், ஏறினது அதன் சொந்தச் சூடு. இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது மேசை விசிறி. சாமான் மட்டும் ஈரமில்லாமல் இருக்கட்டும்.

குழந்தை இருக்கிற வீட்டில் எந்தக் கருவி இருந்தாலும் கையை மறந்துவிடாதீர்கள். வயிறு வெதுவெதுப்பு, பாதமும் வெதுவெதுப்பு என்றால் சரி. வயிறு சூடாக இருந்து பாதம் ஜில்லென்றால் குளிர் ஆரம்பித்துவிட்டது; உடனே மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஜில்லென்றிருந்து, குழந்தை பாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், மார்போடு அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

பேரனுக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. பலகை உஷ்ணமானி விழுப்புரத்துக்குத் திரும்பி வரவே இல்லை. தொட்டில் கட்டியிருந்த அறைச் சுவரிலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட என் பெண்ணுக்கு மனசு வரவில்லை, காசு கொடுத்து வாங்கியது ஆயிற்றே! சமையலறை அலமாரியில் மணி பார்க்க வைத்திருக்கிறாள். உஷ்ணம் காட்டுகிற இடத்தில் மட்டும் பெரிய பேத்தி, அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டுகளை வரிசையாக ஒட்டி மறைத்துவிட்டாள்.